அம்மா சொன்னதாக அச்சில் வந்தது

ஜோகுபாளையம், அலசூர்,
பெங்களூர்.
12-1-1957

கர்த்தருக்குள் பிரியமான தனக்கோடி அக்காவுக்கு,

தங்கை சரளா எழுதுவது. நானும் இவரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடம் திறந்துவிட்டதே, பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருக்கும். சுக்கு தட்டிப் போட்டுக் குடி.

முக்கியமான செய்தி. மிஷனரி சங்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள். மே மாதம் பத்தாம் தேதி பம்பாயில் கப்பல். முதலில் சுவிட்சர்லாந்தில் லோசான் என்ற ஊரில் ஒரு வருஷம் பிரெஞ்சு படிக்க வேண்டும். பிறகு ரீயூனியன் தீவு. அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிட்டதாம். பெயர் மட்டும் வீராசாமி, முனியம்மா, பேச்செல்லாம் பிரெஞ்சு. நம்மவர்களிடம் சுவிசேஷம் சொல்ல நாம் வெள்ளைக்காரன் ஊருக்குப் போய்ப் பாஷை படிக்க வேண்டியிருக்கிறது, பார்.

இப்போதே வாரத்தில் நான்கு நாள் பிரேசர் டவுனில் ஒரு பாண்டிச்சேரி மதாமிடம் பிரெஞ்சு படிக்கிறோம். எழுபது என்பதற்கு அவர்கள் அறுபதும் பத்தும் என்கிறார்கள். தொண்ணூற்றேழு சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. இவர் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். மனைவிமார்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சம்மதக் கடிதம் வாங்குவது சங்கத்து வழக்கம். அப்பாவும் அம்மாவும் இல்லாததால் நீதான் எழுத வேண்டும். இரண்டு வரி போதும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அம்மா கல்லறைக்குச் சிலுவை வைத்தாகிவிட்டதா?

உன் ஜெபங்களில் எங்களையும் சேர்த்துக்கொள்.

உன் தங்கை,
சரளா

*

சாம்பியன் ரீஃப்,
கோலார் தங்கவயல்.
20-1-1957

அன்புள்ள சரளாவுக்கும் தம்பி கிளாரன்ஸுக்கும் தனக்கோடியின் ஸ்தோத்திரம்.

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. சுக்கும் இருக்கிறது. நீங்கள் சுகமென்று அறிந்து சந்தோஷம்.

கப்பல் என்று வாசித்ததும் ஒரு நிமிஷம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு எடுத்தேன். சந்தோஷம்தான். நம் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியதைத் தவிர நம் வீட்டில் யாரும் தூரம் போனதில்லை.

இரண்டு வரி போதும், வேறு வேண்டாம் என்று எனக்கே வியாசம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாய். பதினாறு வருஷம் வாத்தியாரம்மாவாக இருந்து என்ன பிரயோஜனம். சங்கத்துச் செயலாளரும் எழுதியிருக்கிறார். உன் அழைப்புச் சாட்சியைப் படித்துப் பார்த்து, அதற்கு இணங்கச் சம்மதம் எழுத வேண்டுமாம். ஆண்டவர் உன்னை எப்போது, எப்படிக் கூப்பிட்டார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுவதுதானே அந்தச் சாட்சி? எனக்குத் தெரிந்து உன்னைக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்புவாய். ஆண்டவருக்குப் பொறுமை அதிகம். அதை அனுப்பி வை, படிக்க ஆசையாக இருக்கிறது.

சிலுவை வைத்தாகிவிட்டது. தந்தி ஆபீஸ் குமாஸ்தா வெங்கடசுப்ரமணியனும் கல்லறைக்கு வந்து ஓரமாக நின்றார். நான் அவரிடம் பேசவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்று உனக்குக் கொடுத்த தந்தியை ஒரு நாள் முழுக்கக் கோட்டைவிட்ட மனிதரிடம் என்ன பேசுவது?

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

தனக்கோடி

*

பெங்களூர்.
2-2-1957

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன். இவருக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது பரவாயில்லை.

கமர்ஷியல் தெருவில் கம்பளிக் கோட்டு பார்த்தோம். லோசானில் பனி முழங்கால் வரைக்கும் வருமாம். நான் புடவைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். தபால்காரர் மாதிரி இருந்தேன். இவர் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் கோபித்துக்கொண்டார்.

மதாம் எங்களைப் பிரெஞ்சு பைபிளிலேயே சங்கீதம் வாசிக்கச் சொல்கிறார். சண்டை போடுவதையும் பிரெஞ்சில்தான் போட வேண்டுமாம். அதனால் வீட்டில் சண்டையே இல்லை.

சாட்சியை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்துவிட்டோம், என்னிடம் பிரதி இல்லை. எல்லோரும் எழுதுகிற மாதிரிதான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. நீ சம்மதத்தை மட்டும் அனுப்பிவிடேன். பிப்ரவரி முடிவுக்குள் கேட்கிறார்கள்.

சரளா

*

சாம்பியன் ரீஃப்.
24-2-1957

சரளாவுக்கு,

சுகம்.

இன்று ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் நம் போதகர் ஓஸ்வால்ட் ஐயர் சங்கத்து மாதப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, நம் சபைப் பெண் ஒருத்தியின் சாட்சியைக் கேளுங்கள் என்றார். உன் படம் கூடப் போட்டிருக்கிறார்கள். தமிழில் நன்றாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஐயரிடம் பத்திரிகையை வாங்கி வந்தேன். அதில் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

“என் தாயார் மரணப் படுக்கையில் இருந்த அந்தச் சாயங்காலம் நான் அவர்கள் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். அவர்கள் என் கையைத் தம் இரு கைகளாலும் பிடித்து, ‘மகளே, என்னை நினைத்துத் தங்காதே, கர்த்தர் காட்டும் தேசத்துக்குப் போ’ என்றார்கள். அதுவே எனக்கு வந்த அழைப்பு.”

பெண்கள் பக்கத்தில் நான் இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டிய நான்கு பேரும் என் பின்னால் இருந்தார்கள். அம்மாவை அடக்கம் செய்து மூன்று மணி நேரம் கழித்து நீ ஸ்டேஷனில் இறங்கியதை அந்த நான்கு பேரும் பார்த்தவர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டுக்கு நான் எழுந்து நிற்கவில்லை, முழங்கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

தந்தி தாமதமானது உன் தப்பில்லை. இது எதற்கு?

தனக்கோடி

*

பெங்களூர்.
28-2-1957

அக்கா,

உன்னைச் சுகம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் இல்லை. முழுவதும் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

தந்தி தாமதமாகவில்லை. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கே வந்துவிட்டது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பன்னிரண்டு மணி ரயிலைப் பிடித்திருந்தால் நாலரைக்கு அங்கே இருந்திருப்பேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்குச் சங்கத்தில் மனைவிமார்களுக்கு நேர்காணல். அன்று போகாவிட்டால் அடுத்த வருஷம் என்று சொல்லியிருந்தார்கள். இவர் சென்னையில் மூன்று வாரப் பயிற்சியில் இருந்தார். கேட்க ஆள் இல்லை. அம்மாவுக்கு இப்படி மூன்று தரம் ஆகி, நான் ஓடி வந்து, அம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டிருக்கிறாளே, இந்தத் தரமும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தந்தியை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு நேர்காணலுக்குப் புடவைக்கு இஸ்திரி போட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது இரண்டாவது தந்தி கதவிடுக்கில் கிடந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன என்று உன்னிடம் சொன்னேன். நீ தந்தி ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டாய். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இவருக்குச் சென்னைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அம்மா போகும்போது நான் பக்கத்தில் இல்லை என்று எழுதக் கை வரவில்லை. இருந்தேன் என்று எழுதினேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டு இவர் பதில் போட்டார். போ என்று சொன்னார்கள் என்று எழுதினேன். ஒன்று சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. சாட்சி எழுத வேண்டிய நாளில் என்னிடம் எழுத ஒன்றுமே இல்லை. கணவர் போகிறார், நானும் போகிறேன், இதுதான் என் சாட்சி. இவர், “அம்மா சொன்னதையே எழுதேன் சரளா, அதவிடப் பெரிய அழைப்பு என்ன இருக்கு?” என்றார். எழுதிவிட்டேன். அச்சில் போடுவார்கள் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ.

இவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. எனக்கு வெட்கத்தில் முகம் கழுவக்கூடக் கண்ணாடி முன்னால் போக முடியவில்லை.

சரளா

*

பெங்களூர்.
21-3-1957

அக்காவுக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். வீட்டுக்காரச் சந்திரம்மாவே, “ஏம்மா, ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லயா?” என்று கேட்டுவிட்டார்கள். நீ சுகமாக இருக்கிறாயா என்பதை மட்டுமாவது எழுது.

ஏப்ரல் 28 ஞாயிறு எங்களுக்கு வழியனுப்பு ஆராதனை. அழைப்பிதழ் அச்சாகிறது. அன்று நான் பீடத்துக்கு முன்னால் நின்று அந்தச் சாட்சியை வாயால் சொல்ல வேண்டும். சம்மதக் கடிதம் வரவில்லை என்று இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு என்ன கோபம் என்று இவர் கேட்கிறார். உனக்கு என்னைப் பிரிய மனம் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது உன் பெயரிலும் ஒரு பொய்.

இவரிடம் சொல்ல நான்கு தரம் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தரமும் இவர் நல்லவராக இருக்கிறார். அதனால் சொல்ல முடியவில்லை.

சரளா

*

பெங்களூர்.
30-3-1957

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

கிளாரன்ஸ் தாழ்மையுடன் எழுதுவது. தாங்கள் சுகமாக இருக்க வேண்டுமென்று நாள்தோறும் ஜெபிக்கிறோம். இது நான் எழுதுவது சரளாவுக்குத் தெரியாது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பிரெஞ்சு வகுப்பிலும் புத்தகத்தைப் பார்த்தபடி இருக்கிறாள், பக்கம் திருப்புவதில்லை. தங்களிடமிருந்து கடிதம் வராததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தங்கையைத் தூர தேசத்துக்கு அனுப்புவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் மனதில் இருப்பதைத் தங்களிடம் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சென்னையில் பயிற்சியில் இருந்தபோது நான் இந்த ஊழியத்தை விட்டுவிடலாம் என்றிருந்தேன். கப்பலும் அந்நிய தேசமும் எனக்குப் பயமாக இருந்தன. ராஜினாமாவே எழுதி வைத்திருந்தேன். அப்போதுதான் அம்மா கடைசியாகச் சொன்ன வார்த்தைகளைச் சரளா எழுதினாள். சாகும் நேரத்தில் ஒரு தாய் மகளைப் போ என்று சொன்னால், நான் யார் தங்குவதற்கு? அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கும் பயம் வரும்போது அம்மாவின் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா கொடுத்த சம்மதத்தைத் தாங்களும் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
கிளாரன்ஸ்

*

சாம்பியன் ரீஃப்.
7-4-1957

சரளாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபத்தில்தான் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். தந்தி குமாஸ்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல டீச்சரம்மா, துக்கத்துல பேசினது” என்றார். கூசிப் போனேன்.

அதற்குப் பிறகு எழுதாததற்குக் காரணம் வேறு. நீ சொல்லிவிட்டாய். நானும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை நாலு மணிக்கே அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. காது மட்டும் கேட்டது. வெளியே யார் நடந்தாலும், “சரளா வந்துட்டாளா?” என்றாள். வருவாள் அம்மா என்றேன். எத்தனை தரம் கேட்டாள், எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. ஐந்தரை மணிக்கு என்னால் தாங்க முடியவில்லை. “வந்துட்டாம்மா. இதோ உன் பக்கத்துல உக்காந்திருக்கா” என்று சொல்லி என் கையை அவள் கையில் வைத்தேன். அந்த நான்கு பேரும் அடுப்பங்கரையில் இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

அம்மா என் விரலை ஒவ்வொன்றாகத் தடவினாள். கண்டுபிடித்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது. பிறகு சொன்னாள்: “கப்பல் ஏறாத சரளா. அக்காவுக்கு உன்ன விட்டா யாரும் இல்ல. அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா.”

நான், “போகமாட்டேம்மா” என்றேன். உன் குரலை மாதிரி மெல்லிசாக வைத்துக்கொண்டு சொன்னேன். ஆறு மணிக்கு அம்மா போய்விட்டாள்.

உனக்காக நான் வாக்குக் கொடுத்துவிட்டு, உன்னிடம் அதைச் சொல்லாமல் இருந்தேன். உன்னைத் தடுக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம் என்று நினைக்காதே. என்னைப் பெற்றவள் சாகும்போது என்னை நினைத்து இவளுக்கு யாரும் இல்லை என்று பரிதாபப்பட்டதை இன்னொருவர் காதில் போட எனக்கு வெட்கம். முப்பத்தெட்டு வயதுவரை நிமிர்ந்து நடந்தேன். அந்த ஒரு வார்த்தையில் குனிந்துவிட்டேன். அம்மாவைப் பற்றி ஐயர் வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி இதுதான்.

சம்மதக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சம்மதம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அவள் சொன்னதற்காக நீ நிற்க வேண்டாம், கேட்டதும் நானே, வாக்குக் கொடுத்ததும் நானே.

தம்பி கிளாரன்ஸின் கடிதமும் உள்ளே இருக்கிறது. அதற்குப் பதில் எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ படி. படித்துவிட்டு என்ன செய்வாயோ.

தனக்கோடி

*

பெங்களூர்.
20-4-1957

என் அக்காவுக்கு,

நேற்று பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனையில் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாளைக்கு ஈஸ்டர் பண்டிகை. உனக்கு வாழ்த்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா தெரியாது, ஆனாலும் சொல்கிறேன்.

இவரிடம் சொல்லிவிட்டேன். போன வியாழனுக்கு முந்தின வியாழன் வகுப்பு முடிந்து அலசூர் ஏரிப் பக்கமாக நடந்து வந்தோம். கரைச் சுவரில் உட்காரலாம் என்றேன். உன் கடிதத்தையும் இவர் உனக்கு எழுதியதையும் இவர் மடியில் வைத்துவிட்டு, படியுங்கள், நான் அக்காவுக்கு எழுதியதை வாயால் சொல்கிறேன் என்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வண்ணார்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு தரம் படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன். “ஏழு மாசமா நான் அந்த வார்த்தைய வச்சுத்தான் ஜெபம் பண்ணேன், சரளா” என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, வா, சங்கத்துக்குப் போகலாம் என்றார்.

செயலாளர் கேட்டுவிட்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம், அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டது, அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. இவர்தான், வேண்டாம் ஐயா, அந்த ஒரு வரியை எடுத்தால் எங்கள் இரண்டு பேரிடமும் மீதி எதுவும் இல்லை என்றார். எங்கள் இடத்துக்கு வேறு தம்பதியை எடுக்கிறார்கள். வழியனுப்பு ஆராதனை அவர்களுக்கு.

இவர் என்னோடு பேசுகிறார். உப்பு போதுமா, குடை எங்கே, இந்த மாதிரிதான். மதாமிடம் தனியாகப் போய்ப் படிக்கிறார். ஏன் என்று கேட்க எனக்குப் பயம். இனி எனக்கு ஒரு சாட்சி கிடைக்குமானால் அது இவர் முகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு தாளில் உண்மையை எழுதி வைத்திருக்கிறேன். பொய்யை வாசித்த சபையிலேயே இதையும் ஓஸ்வால்ட் ஐயர் வாசிக்க வேண்டும். தந்தி, நேர்காணல், எல்லாம் இருக்கிறது. அம்மா உன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. அது உன்னுடையது.

சரளா

*

சாம்பியன் ரீஃப்.
30-4-1957

பிரியமுள்ள சரளாவுக்கு,

உனக்கும் கிளாரன்ஸுக்கும் பண்டிகை வாழ்த்து, பிந்தினாலும்.

ஐயர் உன் தாளைத் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளையோட பேர் கெட்டுப் போயிடும்மா, சபையில வேணாம்” என்றார். அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நானே வாசிக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் எழுந்து முன்னால் போனேன். நம் சபையில் பெண்கள் அங்கே நின்று பேசுவது வழக்கமில்லை. ஐயர் தடுக்கவில்லை.

உன் தாளை முழுவதும் வாசித்தேன். தந்தியைப் பற்றி வாசிக்கும்போது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயோ பாவம், இந்தத் தங்கையை வைத்துக்கொண்டு இவள் என்ன பாடுபட்டாளோ என்கிற பார்வை. உன்னைக் கெட்டவளாக்கி நான் நல்லவளாக நிற்கிறேன். அப்படியே இறங்கிப் போய் உட்கார்ந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது.

நான் என் பங்கையும் சொன்னேன். உன் கை என்று என் கையைக் கொடுத்ததைச் சொன்னேன். உன் குரலில் பேசியதைச் சொன்னேன். அம்மா என்ன சொன்னாள் என்று சொல்லாவிட்டால் அது பாதிச் சாட்சி ஆகிவிடும். அதையும் சொன்னேன். என்னைப் பற்றி அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே, எழுபது எண்பது பேர் முன்னால் என் வாயாலேயே சொன்னேன். சொல்லும்போது மேடைப் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு அம்மாவைக் குளிப்பாட்டிய நான்கு பேரில் ஒருத்தி எழுந்து வந்து, கையைப் பிடித்து என்னைப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

இரண்டு நாளாகத் தெருவில் நடக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் கூட என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். பழகிவிடும்.

கிளாரன்ஸிடம் நீயாக ஒன்றும் கேட்காதே. உப்பு போதுமா என்று கேட்கிற மனிதர் மற்றதையும் ஒரு நாள் கேட்பார். அவருக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமையோடு கோடை விடுமுறை விட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை புறப்பட்டு வா. அம்மாவுக்காக வர வேண்டாம், கல்லறைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம். எனக்காக வா, சரளா. நான் கேட்கிறேன்.

உன் அக்கா,
தனக்கோடி